நோயாளியின் கட்டிலுக்கும் வாசல் உண்டு

(நமது டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். நிர்வாகிகள் கொடுத்த தலைப்பு வேறு. பொது வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் மானம், கண்ணியம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், நம் பகுதிக்கு மிகவும் தேவையான தலைப்பு இது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தக் கரையோரம் முழுக்க உழைத்துச் சாப்பிடுகிற மக்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் தனி அறை கிடையாது. ஒரு நீண்ட கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், நடுவில் நடைபாதை. இதுதான் நமக்குக் கிடைக்கிற வார்டு. இதில் இழிவு எதுவும் இல்லை. 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. நம் வீட்டுப் பெரியவர்கள் இப்போதும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1880-இல் ராஜா சர் சவளை ராமசாமி முதலியாரின் கொடையில் உருவான ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருப்பீர்கள். தர்மத்தால் வளர்ந்த இந்த இடங்கள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன.

ஆனால் பொது வார்டு என்றால் நோயாளியும் பொதுச்சொத்து என்று அர்த்தமில்லை. கட்டில் அரசாங்கத்துடையது. அதில் படுத்திருக்கும் உடம்பும், அந்த உடம்பின் நோயும், அந்த நோயைப் பற்றிய செய்தியும் அவருடையவை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

வெட்கம் உயிரை வாங்கும்

"உயிர் பிழைத்தால் போதும், மானம் மரியாதையெல்லாம் அப்புறம்" என்று சிலர் சொல்வார்கள். வார்டில் நான் பார்த்தது வேறு.

மார்பில் கட்டியோடு ஒரு தாய் வந்தார். கட்டியை அவர் முதலில் தொட்டுப் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் மகளிடம் சொல்லியிருக்கிறார். ஏன்மா இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேறொரு வியாதிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜனங்க பார்க்கிற இடத்தில ரவிக்கையைக் கழட்டச் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார். அன்று ஒரு மடக்கு ஸ்கிரீனை இழுத்து வைத்திருந்தால் இந்தத் தாய் ஓராண்டுக்கு முன்பே வந்திருப்பார்.

பெண்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். எதிர்க் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் யூரின் கேன் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. யாரிடமும் சொல்லாமல் எழுந்து கழிப்பறைக்கு நடந்தார், பாதியிலேயே விழுந்தார். தையல் பிரிந்து மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். தொப்புளிலிருந்து முழங்கால் வரை அவர்களுக்கும் அவ்ரத்தானே?

மறைவு கிடைக்காத இடத்துக்கு மனிதர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் மருத்துவரால் சரியான மருந்து கொடுக்க முடியாது.

கோஷா ஆஸ்பத்திரி சொல்லும் பாடம்

இதை நம் சென்னைப் பட்டணம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனையை ஊர் மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று ஏன் சொல்கிறார்கள், தெரியுமா?

அந்தக் காலத்தில் கோஷா கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களும், அதேபோல் வெளியே வராத உயர்சாதி இந்துப் பெண்களும், ஆண் மருத்துவர்கள் இருந்த பொது மருத்துவமனைக்குப் போகமாட்டார்கள். பிரசவம் சிக்கலானால் வீட்டுக்குள்ளேயே உயிரை விட்டார்கள். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கணவர் இங்கே வழக்கறிஞராக இருந்ததால் சென்னைக்கு வந்தவர். இந்த நிலையைப் பார்த்து வருந்திய அவர் தாமே மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்த நால்வரில் அவர் ஒருவர். பிறகு லண்டனுக்குப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார். 1885-இல் நுங்கம்பாக்கத்தில், பெண்களுக்கென்று, பெண் மருத்துவரின் பொறுப்பில் அந்த மருத்துவமனை தொடங்கியது. 1890 வாக்கில் இன்றுள்ள திருவல்லிக்கேணி இடத்துக்கு வந்தது.

மேரி ஷார்லீப் நம் பாட்டிமார்களைப் பார்த்து, "உங்கள் வெட்கத்தை விட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லவில்லை. அவர்கள் வரக்கூடிய விதமாக ஒரு வாசலை அமைத்துக் கொடுத்தார். வாசல் கிடைத்ததும் அவர்கள் வந்தார்கள். மறைவு என்பது வைத்தியத்தின் ஒரு பாகம் என்பதற்கு நம் ஊரிலேயே கட்டடமாக நிற்கிற சாட்சி அது.

நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. அதற்கும் முன்னால் மதீனாவைப் பாருங்கள். அகழ்ப்போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரம் அடிக்கப்பட்டது. காயம்பட்டவர்களைக் கவனித்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பற்றியும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பள்ளிவாசல் எல்லோரும் வந்துபோகிற இடம். அந்த இடத்துக்குள்ளேயும் நோயாளிக்கென்று ஒரு கூடாரம் இருந்தது.

மையித்துக்குக் கொடுக்கும் மரியாதை

நம் மஹல்லாவில் மையித்தைக் குளிப்பாட்டுவதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சுற்றிலும் திரை கட்டுகிறோம். தேவையானவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை துணி விலகாமல் பார்த்துக்கொள்கிறோம். துணிக்கு அடியில் கையை விட்டுத்தான் சுத்தம் செய்கிறோம். உடலில் ஏதாவது குறை கண்ணில் பட்டால் வெளியே வந்து வாய் திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குளிப்பாட்டியவர் கண்டது அவரோடு போய்விட வேண்டும்.

உயிரில்லாத உடலுக்கு இவ்வளவு கண்ணியம் கொடுக்கிற சமுதாயம் நாம். உயிரோடு, உணர்வோடு, வெட்கத்தோடு படுத்திருப்பவருக்கு அதில் பாதியாவது கொடுக்க வேண்டாமா? டிரெஸ்ஸிங் மாற்றும்போது கட்டிலைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம். "காயம் எவ்வளவு ஆழம்?" என்று எட்டிப் பார்க்கிறோம். வெளியே வந்து டீக்கடையில் வர்ணிக்கிறோம்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று அனுமதி கேட்பது நபிவழி. அதே அத்தியாயத்தில், ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் என்று மூன்று வேளைகளில் சொந்த வீட்டுப் பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே வர வேண்டும் என்று வருகிறது. உடை தளர்ந்திருக்கும் நேரங்கள் அவை. வார்டில் இருப்பவருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் உடை தளர்ந்த நேரம்தான்!

அந்தக் கட்டிலும் அதைச் சுற்றியுள்ள நான்கு அடி இடமும்தான் இப்போது அவருக்கு வீடு. ஸ்கிரீன்தான் கதவு. ஸ்கிரீன் இல்லாவிட்டால் கட்டிலின் கால்மாடுதான் வாசற்படி. அங்கே நின்று ஸலாம் சொல்லுங்கள். "வரலாமா அத்தா?", "உக்காரலாமாம்மா?" என்று கேளுங்கள். ஸ்கிரீன் போட்டிருந்தால் கதவு சாத்தியிருக்கிறது என்று பொருள். விலக்கிப் பார்க்காதீர்கள், வெளியே நில்லுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நோயாளியை விசாரிப்பது பெரிய நன்மை. அந்த நன்மையை முழுதாக வாங்கிக்கொண்டு வர நாலைந்து காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று, கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், பத்து நிமிடம் போதும். பெண்கள் வார்டுக்கு ஆண்கள் கும்பலாகப் போவதை அறவே தவிருங்கள். பார்க்கப்போகிற சகோதரியைச் சுற்றி இன்னும் முப்பது பெண்கள் படுத்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர் இருப்பார், புடவை விலகியது தெரியாமல் மயக்கத்தில் இருப்பவர் இருப்பார்.

இரண்டு, என்ன வியாதி என்று துருவாதீர்கள். "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கால்மாட்டில் தொங்கும் கேஸ் ஷீட்டை எடுத்துப் படிக்காதீர்கள். சொன்னதைக் கேட்டது அமானிதம். அதை அடுத்த வீட்டில் இறக்கி வைக்க நமக்கு உரிமையில்லை. காசநோய்க்குச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணின் செய்தி, பார்க்க வந்தவர் வாய்வழியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனதை நான் அறிவேன். சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய். அந்தப் பெண்ணுக்கு நோய் குணமாகிவிட்டது. ஊர்ப்பேச்சு குணமாக ஆறு வருடம் ஆனது.

மூன்று, பக்கத்துக் கட்டில். அங்கே இருப்பவர் லட்சுமியம்மாவாக இருக்கலாம், மேரியக்காவாக இருக்கலாம். அவர்களுடைய மறைவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதுதான். அங்கே டாக்டர் பரிசோதிக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுந்து வெளியே போங்கள். அங்கே அவர்களுக்குச் சொல்லப்படும் வியாதிப் பெயர் காதில் விழுந்தால் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிலில் ஒரு மரணம் நடந்தால் குரலைத் தாழ்த்துங்கள், அந்தக் குடும்பத்துக்கு இடம் விடுங்கள்.

நான்கு, கூட இருக்கிற அட்டெண்டர்களுக்கு. வார்டில் ஸ்கிரீன் குறைவாக இருக்கலாம். இரண்டு பெண்கள் ஒரு துப்பட்டாவை விரித்துப் பிடித்தால் அதுதான் திரை. உடம்பு துடைக்கும்போது முழுவதையும் திறக்காமல், ஒரு கையைத் துடைத்து மூடிவிட்டு அடுத்த கையைத் திறங்கள். யூரின் பை தொங்கினால் அதன்மேல் ஒரு துண்டைப் போடுங்கள். அட்மிஷனுக்குப் போகும்போது இரண்டு கெட்டியான போர்வை, முன்பக்கம் பட்டன் வைத்த, கை லூசான நைட்டி, தலைக்கு ஒரு ஸ்கார்ஃப், ஆண்களுக்கு ஒரு லுங்கி அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிரிப்ஸ் ஏற்றவும் ஈ.சி.ஜி. எடுக்கவும் எல்லாத் துணியையும் கழற்ற வேண்டிய அவசியம் அதனால் குறையும்.

போன் கேமரா

இப்போது வார்டில் பெரிய தொல்லை செல்போன்தான். துபாயில் இருக்கும் மகனுக்கு வீடியோ காலில் அம்மாவைக் காட்டுகிறோம். அம்மாவுக்குப் பின்னால் நான்கு கட்டில்களும் சேர்ந்து தெரிகின்றன. அந்த நான்கு பெண்களிடமும் யார் அனுமதி கேட்டது? பேச வேண்டுமானால் சாதாரணமாகப் பேசுங்கள். முகம் காட்டியே ஆக வேண்டும் என்றால் நோயாளியின் சம்மதத்தோடு, பின்னால் சுவர் வருகிற மாதிரி, ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கிறதா? தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் போட்டிருந்த உடையோடு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூச்சு முட்டியவர்கள் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலைகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு இப்படி ஒரு இரவு மறுபடியும் வராது என்று சொல்ல முடியாது. அந்த மாதிரி நேரத்தில் உதவப்போகிற தம்பிகள் கையில் தண்ணீரும் போர்வையும் இருக்கட்டும், கேமரா இருக்க வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் நைட்டியோடு கிடக்கிற ஒரு பெண்ணின் படம் ஒருமுறை வெளியே போனால் அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

உதவி கேட்கும் பதிவுகள்

இனி சொல்லப்போவது நம் சமுதாயத்தில் நல்ல எண்ணத்தோடு நடக்கிற ஒரு காரியம். அதனால்தான் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பண உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் பதிவுகள் வருகின்றன. நோயாளியின் முகம், பெயர், தெரு, கணவர் பெயர், கர்ப்பப்பையில் என்ன கோளாறு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்கும். மூக்கில் குழாயோடு படம் இருக்கும். பணம் சேர்ந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சகோதரி பிழைத்தும் விடுவார். ஆனால் அந்தப் பதிவு மூன்று வருடம் கழித்து அவருடைய மகளின் பள்ளித் தோழிகள் குழுவுக்கு வந்து சேரும். அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, மருத்துவ இதழில்கூட, அடையாளம் தெரிகிற மாதிரி நோயாளியின் படத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது. படிப்புக்காகவே வருகிற இதழுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், ஆயிரம் பேர் கைமாறும் வாட்ஸ்அப்புக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்? "அவங்க சம்மதிச்சாங்களே" என்று சொல்வீர்கள். நாளைக்கு ஆபரேஷன், கையில் பணமில்லை என்று நிற்பவரிடம் வாங்கும் சம்மதம் எப்படிப்பட்ட சம்மதம் என்று யோசித்துப் பாருங்கள்.

"படம் போடாவிட்டால் பணம் வராது, இது உண்மையா பொய்யா என்று ஜனங்கள் கேட்கிறார்கள்" என்று தம்பிகள் சொல்வது எனக்கும் புரிகிறது. ஏமாற்றுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்குத்தானே டிரஸ்ட் இருக்கிறது? நேரில் போய்ச் சரிபார்ப்பது டிரஸ்டின் வேலை. "ராயபுரம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய்க்கு அறுவைச் சிகிச்சை, தேவை இவ்வளவு, நாங்கள் நேரில் விசாரித்து உறுதி செய்தோம்" என்று டிரஸ்ட் தன் பெயரைப் போட்டால் போதும். நம்பிக்கைக்கு அடமானமாக வைக்க வேண்டியது டிரஸ்டின் பெயர், நோயாளியின் முகம் அல்ல. ரிப்போர்ட்டை இரண்டு பேர் மட்டும் பார்க்கட்டும். பெண் நோயாளி என்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பணத்தை மருத்துவமனைக்கே நேராகக் கட்டி ரசீதைக் கோப்பில் வைத்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கொடுப்பவரையே மறைந்துகொள்ளச் சொல்கிறது என்றால், வாங்குபவரை எப்படி வெளிச்சத்தில் நிறுத்துவது? நிர்வாகிகள் இதை ஒரு விதியாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்

நம் பகுதியில் வீட்டில் உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய. வேலைக்காக வடக்கிலிருந்து வந்து இந்தி மட்டும் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். டாக்டர் தமிழில் கேட்பார், அம்மாவுக்குச் சரளமாக வராது. பன்னிரண்டு வயதுப் பையன் நடுவில் நின்று சொல்வான். மாதவிலக்கு எப்போது வந்தது, வெள்ளை படுகிறதா என்று டாக்டர் கேட்டால் அந்தப் பையன் என்ன சொல்வான்? அம்மா என்ன பதில் சொல்வார்? "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வந்துவிடுவார்.

இரண்டு மொழியும் தெரிந்த சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாரம் ஒரு காலை கொடுத்தால் போதும். கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது, வெளியே வந்ததும் மறந்துவிட வேண்டும். இந்த மூன்றையும் காப்பாற்றுகிறவர்தான் அதற்குத் தகுதியானவர்.

நாம் கேட்டுப் பெறக்கூடியவை

இதுவரை நம் கடமையைச் சொன்னேன். நமக்கு உரிமையும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைகளைப் பட்டியலிட்டுச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதைப் பின்பற்றும்படி மத்திய சுகாதாரத் துறை 2019-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயாளியின் ரகசியம், மானம், அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க அந்த நோயாளிக்கு உரிமை உண்டு, அதற்கு ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் பொறுப்பு என்றும் இருக்கிறது. எச்.ஐ.வி. பாதித்தவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதற்குத் தனிச் சட்டமே தடை போட்டிருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது.

பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-இலேயே அரசு மருத்துவமனைகளில் கொண்டு வந்தது. மத்திய அரசு 2016-இல் நாடு முழுவதற்கும் சொன்னது. துணைக்குப் போகிறவர் பிரசவ அனுபவம் உள்ள பெண்ணாக, தொற்றுநோய் இல்லாதவராக, சுத்தமான உடையோடு இருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: பிரசவ அறையில் இருக்கும் மற்றப் பெண்களிடம் போகக் கூடாது. நம் பெண்ணுக்குத் துணையாகப் போகிறவர் அடுத்த பெண்ணுக்கு வேடிக்கை பார்ப்பவராகிவிடக் கூடாது என்பதற்கு இது எவ்வளவு நல்ல விதி!

எப்படிக் கேட்பது? சண்டை போட்டு அல்ல. ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மனமில்லாமல் அல்ல, நேரமில்லாமல்தான் ஸ்கிரீன் வராமல் போகிறது. "சிஸ்டர், ஸ்கிரீன் எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானே எடுத்துட்டு வந்து வைக்கிறேன்" என்று கேளுங்கள். எந்த சிஸ்டரும் மறுக்கமாட்டார். ஈ.சி.ஜி., ஸ்கேன் அறையில், "லேடி ஸ்டாஃப் இருந்தா அவங்க எடுக்கட்டுமா? எந்த இடம் வேணுமோ அதை மட்டும் திறக்கிறோம்" என்று சொல்லுங்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் உரக்கப் பேசினால், "சார், இதைக் கொஞ்சம் தனியா கேக்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை. மாணவர்கள் சுற்றி நிற்கும்போது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் அதையும் சொல்லலாம். கேட்டும் நடக்கவில்லை, அவமானப்படுத்தினார்கள் என்றால் ஆர்.எம்.ஓ. அல்லது கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும், முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணும் இருக்கின்றன.

வசதியான நாடுகளும் இதில் போராடித்தான் முன்னேறின. ஆண், பெண் நோயாளிகளை ஒரே இடத்தில் படுக்க வைக்கும் மருத்துவமனைகளுக்கு இங்கிலாந்தில் 2011 ஏப்ரலிலிருந்து நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 பவுண்டு அபராதம் விதித்தார்கள். நோயாளிகளும் குடும்பங்களும் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்த மாற்றம் அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மறைவைக் காக்கிறோம் என்று உயிரை விட்டுவிடாதீர்கள். பெண் டாக்டர் வரும்வரை காத்திருப்போம் என்று ரத்தப்போக்கோடு ஒரு பெண்ணை உட்கார வைப்பது மார்க்கமல்ல. அவசியம் வந்தால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படுகிறது, ஆனால் அவசியமான அளவுக்கு மட்டும். இது ஆலிம்கள் நமக்குச் சொல்லித் தந்த விதி. மருத்துவ விதியும் அதேதான். தேவையான இடத்தை, தேவையான நேரத்துக்குத் திற. பிறகு மூடு.

சகோதர சகோதரிகளே! பிறர் குறையை இந்த உலகத்தில் மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைக்கிறான் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அந்த நன்மையைச் சம்பாதிக்கப் பணம் தேவையில்லை. வார்டுக்குப் போகும்போது தோளில் ஒரு துப்பட்டாவும், பையில் அணைத்து வைத்த போனும், கட்டிலருகே நின்று கேட்கும் ஒரு "வரலாமா?"வும் போதும். டிரஸ்டிடம் இரண்டு கோரிக்கைகளை வைத்திருக்கிறேன். ஒன்று, முகமும் பெயரும் இல்லாத உதவிப் பதிவு. இன்னொன்று, உருதுவும் இந்தியும் தெரிந்த சகோதரிகளின் பட்டியல். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் இரண்டும் நடக்கும் என்று நம்புகிறேன். பட்டியலில் பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நோயுற்றிருக்கும் நம் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பொறுமையையும் பரக்கத்தையும் தருவானாக. நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.